ஏரியில் அடித்த முளைகள்

என் கரடி ஹால்வோருக்கு,

உன் குன்ஹில்ட் எழுதுவது. நானும் பசுவும் இரண்டு பன்றிகளும் சுகம். உன் சுகத்தைக் கேட்பது முறையில்லை, ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், நான் படித்தது ஞானோபதேசப் புத்தகம் ஒன்றுதான்.

நம் இடத்துக்குத் தபால் ஆபீஸ் வரப்போகிறது. அதற்கு ஊருக்கு ஒரு பேர் வேண்டுமாம். ஏரிக்கரை என்றே சொல்லிக் காலத்தை ஓட்டிவிட்டோம், இந்த மினசோட்டாவில் ஏரிக்கரை இல்லாத இடம் எது என்று கேட்கிறார்கள். போன ஞாயிறு க்னூட் வீட்டில் எல்லாரும் கூடினோம். அஸ்லாக் நார்வேயில் தான் பிறந்த ஊர்ப் பேரை வைக்கணும்னான், தெல்லெஃப் தன் ஊர்ப் பேரைத்தான்னான், "உங்க ஊர்ல ஆடுகூட நொண்டிதானே"ன்னு இவன், "உங்க ஊர்ல ஆட்டுக்குத்தான் புத்தியே இருக்கு"ன்னு அவன், காப்பி ஆறிப்போச்சு, கடைசியில் க்னூட் பெண்டாட்டி ஓஸ்தே, "செத்தவர் பேரை வைங்கப்பா, அவர்மேல யாருக்கும் பொறாமை வராது"ன்னா. உடனே அத்தனை பேரும் ஒத்துப்போய், ஹால்வோர் வயல்னு வச்சிடலாம்னாங்க.

ஏன் வயல் என்று உனக்குத் தெரியும். முதன்முதலில் நாம் இரண்டு பேரும் வந்தது மார்ச் மாதம், எங்கும் பனி. "மரம் வெட்ட வேணாம், கல் பொறுக்க வேணாம், ஆண்டவர் நமக்குன்னே சமமாப் போட்டு வச்சிருக்கார், குன்ஹில்ட்"னு சொல்லி, கோடாலியால் கொத்திக் கொத்தி நாலு மூலையிலும் முளையடித்தாய். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவள் நான்தான், அதை யாரும் சொல்வதில்லை. வசந்தத்தில் நம் வயல் உருகி ஏரியானது. முளைகள் கரைக்கு மிதந்து வந்தன. பின்னால் வந்தவங்க எல்லாம், "என்ன ஹால்வோர், இந்த வருஷம் வயல்ல மீன் விளைச்சல் எப்படி?"ன்னு கேட்பாங்க. நீயும் சிரிப்பாய். வீட்டுக்கு வந்து கஞ்சியைத் தொடாமல் வைத்துவிடுவாய்.

போன இலையுதிர் காலத்தில் அந்த மார்புக் காய்ச்சலில் நீ போனபோது அந்தப் பேச்சும் உன்னோடு போச்சு என்று நினைத்தேன். இப்போது அதைத் தபால் முத்திரையாகக் குத்தி ஊர் ஊராக அனுப்பப் பார்க்கிறார்கள். விதவை சம்மதம் வேணுமாம். சனிக்கிழமை போய் முடியாது என்று சொல்லப்போகிறேன். இனி உன்னைப் பார்த்து யாரும் சிரிக்க விடமாட்டேன்.

உன் அம்மாவை அங்கே பார்த்தால் என் மரியாதையைச் சொல். ஆண்டவர் உன்னைக் குளிர் இல்லாத இடத்தில் வைத்திருக்கட்டும்.

உன் குன்ஹில்ட்

பின்குறிப்பு: சனிக்கிழமை போனேன். முடியாதுன்னு சொன்னேன். "சரி, உங்க இஷ்டம்"னு க்னூட் தபால் ஆபீஸ் மனுவில் அஸ்லாக்கின் ஊர்ப் பேரை எழுதப் பேனாவை மையில் தோய்த்தான். நீ அந்த மேட்டில் படுத்திருக்கிறாய், உன் தலைக்கு மேலே அஸ்லாக்கின் ஊரா? எனக்குத் தாங்கவில்லை. நிறுத்துப்பா, முதல்ல சொன்னதையே எழுதுன்னு சொல்லிட்டேன். எழுதி, மடித்து, மனு வண்டியில் போயும் போச்சு. வெளியே வரும்போது அஸ்லாக், "எதுக்கு இவ்வளவு யோசிச்சீங்க? அந்த முளைக் கதையை நாங்க வந்த அன்னிக்கே அவர்தானே எங்களுக்குச் சொன்னார், வயித்தைப் பிடிச்சிக்கிட்டு"ன்னான். நீ சொல்லித்தான் அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவர்களோடு சேர்ந்து சிரித்தாயே, அது உனக்கு நிஜமாகவே சிரிப்பா?