இரட்டை முடிச்சும் ஆக்சில் அடிகளாரும்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே, பழைய கார் விற்கும் அந்த மைதானத்தில் கார்களைவிட மனிதர்கள் அதிகமாக இருந்தார்கள். எல்லாரும் கார் வாங்க வந்தவர்கள் என்று நினைத்தால் நீங்கள் வெகுளி. அவர்கள் காரின் ஆன்மாவை விசாரிக்க வந்தவர்கள்.

விசாரித்துச் சொல்பவர் ஆக்சில் அடிகளார். வெள்ளை மெக்கானிக் உடுப்பு. அதில் பேருக்குக்கூட ஒரு சொட்டு கிரீஸ் கிடையாது. கையில் சிவப்புக் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு ஸ்பார்க் பிளக். வண்டியின் மேல் அந்தப் பிளக்கைத் தொங்கவிடுவார். அது வலப்பக்கம் சுற்றினால் வண்டி திருப்தியான ஆன்மா. இடப்பக்கம் சுற்றினால் வண்டிக்குள் யாரோ அழுதிருக்கிறார்கள். சுற்றாமல் நின்றால், காணிக்கை போதவில்லை.

கூட்டத்தில் படிக்காதவர் ஒருவர்கூட இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு பேராசிரியர்கள், ஒரு வங்கி மேலாளர், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். வரிசையில் பதினேழாவதாக நம் பல் டாக்டர்.

பல் டாக்டருக்கு ஆறு மாதமாக ஒரு நோய். நடுத்தர அளவில் ஒரு சொகுசு ஸ்போர்ட் செடான் வாங்க வேண்டும், புதிதா, பழையதா? புதிது வாங்கினால் ஷோரூம் வாசலைத் தாண்டுவதற்குள் விலை விழுந்துவிடுகிறது. பழையது வாங்கினால் முன்னால் வைத்திருந்தவன் என்ன பாவம் செய்து வைத்திருக்கிறானோ தெரியாது. இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிவிட்டார். ஒன்பது வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிட்டார். கிளினிக்கில் நோயாளிகளிடமும் ஆலோசனை கேட்டார். அதுவும் அவர்கள் வாய்க்குள் இரண்டு கருவிகளை விட்டுவிட்டு.

"பின் சக்கரம் இழுக்கறது நல்லதா, நாலு சக்கரமும் இழுக்கறது நல்லதா?"

"ஆ... ஆ..."

"அதேதான் நானும் நினைச்சேன்."

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் போடப்போவது பன்னிரண்டு வருஷச் சேமிப்பு. வாங்கப்போகும் வண்டியில்தான் மகளைத் தினமும் காலையில் நெடுஞ்சாலை வழியாக நாற்பது நிமிஷம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். இப்போது இருக்கும் வண்டி மேடு ஏறும்போது இருமுகிறது. டாக்டருக்குப் பயம். பயந்த மனிதன் எந்தக் கயிற்றையும் பிடிப்பான். இவர் பிளக் கட்டின கயிற்றைப் பிடித்தார்.

புதிய கார்களை அடிகளார் தொடவே மாட்டார். "புது வண்டிக்கு இன்னும் ஆன்மா இறங்கலை. அது வெறும் தகரம்" என்று அவர் ஒருமுறை சொன்னதைக் கேட்டதும் டாக்டரின் ஆறு மாத நோயில் பாதி குணமாகிவிட்டது. மீதி பாதிக்குத்தான் இன்று வந்திருக்கிறார். மைதானத்தில் மூன்று வருஷப் பழசான ஒரு சாம்பல் நிற செடான் நிற்கிறது. உள்ளே கறுப்புத் தோல், சிவப்புத் தையல். கதவைச் சாத்தினால், நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறது. டாக்டர் விழுந்தது அந்தக் கதவுச் சத்தத்தில்.

பக்கத்தில் நின்ற மனைவி கொட்டாவி விட்டாள். அவள் சலவைக்கடை நடத்துகிறவள். பதினைந்து வருஷமாக ஊரார் கறையைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் துணி மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

"ஏங்க, ஒரு பல்லை அடைக்கறதுக்கு மூணு எக்ஸ்ரே எடுக்கறீங்க. கார் வாங்க மட்டும் பிளக் ஆட்டறவர்கிட்ட வந்து நிக்கறீங்களே?"

"பல்லு வேற, காரு வேற. பல்லுக்கு ஆன்மா கிடையாது."

"காருக்கு?"

"அதைக் கேக்கத்தானே வந்திருக்கோம்!"

அவள் வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி கொட்டாவி விட்டாள்.

அடிகளார் வேலை செய்யும் முறையே தனி. வண்டியைத் தலை முதல் கால் வரை கறுப்புத் துணியால் மூடி, முன்பக்கம் பம்பருக்குக் கீழே கயிற்றால் முடிச்சுப் போட வேண்டும். மூடினால்தான் வண்டி கூச்சப்படாமல் பேசுமாம். அடிகளார் கண்ணை மூடிக்கொண்டு வருவார். குனிந்து பம்பரின் கீழே தொடுவார். வண்டியின் பாதத்துக்கு வணக்கம். பிறகு நிமிர்ந்து பிளக்கைத் தொங்கவிடுவார்.

முதலில் வங்கி மேலாளரின் வண்டி. சொந்த வண்டி; இரண்டு வருஷமாக ஓட்டுகிறார். வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வந்திருந்தார். அடிகளார் பாதம் தொட்டார். பிளக் இடப்பக்கம் சுற்றியது.

"பின் சீட்டுல ஒரு அம்மா உக்காந்து அழுதிருக்காங்க."

"எங்க மாமியாராத்தான் இருக்கும்!" என்று மேலாளர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்க கூட வந்தா யாருதான் அழ மாட்டாங்க?" என்றாள் அந்தம்மா.

"இந்த வண்டி உங்களை விட்டு வைக்காது" என்றார் அடிகளார். கூட்டம் உச்சுக் கொட்டியது. உடனே மைதானத்தின் முதலாளி துக்க வீட்டு முகத்தோடு ஓடிவந்தார். ஊரில் அவருக்குப் பெயர் பளபளா. சட்டை, செருப்பு, வழுக்கை எல்லாமே பளபள.

"கவலைப்படாதீங்க சார். பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன். அந்த ஆன்மாவை நான் சமாதானம் பண்ணிக்கறேன்."

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, மேலாளர் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கும்போது இதே மனிதர் பதினான்கு காகிதம் கேட்பார்.

அடுத்தது ஒரு பேராசிரியரின் வண்டி. இடம். அழுகை. பாதி விலை. அதற்கடுத்தது மைதானத்து வண்டி ஒன்று. வலம். திருப்தி. முழு விலை. சலவைக்கடைக்காரியின் கொட்டாவி நின்றுவிட்டது. அவள் பிளக்கைப் பார்க்கவில்லை. பம்பருக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே பதினாறு பேர் முடிந்து டாக்டரின் முறை வந்தது. சாம்பல் நிற செடானை மூடிக் கட்டினார்கள். அடிகளார் பாதம் தொட்டார், நிமிர்ந்தார். பிளக் வலப்பக்கம் சுற்றியது. டாக்டரின் இதயமும் கூடவே சுற்றியது.

"ஒரே கை ஓட்டின வண்டி. அழுகை அறியாது. மழைத்தண்ணிகூட மேல அதிகம் பட்டதில்ல. திருப்தியான ஆன்மா. இது உங்களுக்காகக் காத்திருக்கு."

டாக்டர் கண் கலங்கினார். பளபளா ஒப்பந்தக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் மனைவி. "கையெழுத்துக்கு முன்னால ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்."

அடிகளாருக்கும் அப்போது இடைவேளை. பிளக் சூடாகிவிட்டதாம், ஆற வேண்டுமாம். பிளக் ஆறும் வரை அவர் பளபளாவின் ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். கூட்டம் டீக்கடைக்குப் போனது.

மனைவி டாக்டரை டீக்கடைப் பக்கம் இழுக்கவில்லை. மைதானத்தின் கோடிக்கு இழுத்தாள்.

"என் கடையில சாதாரணத் துணி மூட்டைக்கு எத்தனை முடிச்சு?"

"ஒண்ணு."

"கறைத் துணி மூட்டைக்கு?"

"ரெண்டு. அதுக்கு இப்போ என்ன?"

"இங்கேயும் அதே கணக்குத்தான். வெளியிலேர்ந்து வந்த வண்டிக்கு ஒத்தை முடிச்சு. அவங்க வண்டிக்கு ரெட்டை முடிச்சு. உங்க சாமி பாதத்தைத் தொடலை, முடிச்சைத் தடவறாரு."

"சும்மா சந்தேகப்படாதே. பெரியவர் பாவம்."

"சந்தேகம் வேண்டாம். பாத்துடலாம். அந்த முனையைப் பிடிங்க."

கோடியில் பழைய வரவேற்பறை சோபா ஒன்று, ஒரு கால் இல்லாமல் கிடந்தது. அதன் இந்தப் பக்கம் இரண்டு குப்பைத் தொட்டி, அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற டயர்கள். வண்டி மூடுவதற்காக மைதானத்து ஆட்கள் ஒரு கூடையில் கயிறோடு மடித்து வைத்திருந்த கறுப்புத் துணி ஒன்றை அவள் எடுத்து உதறினாள். டாக்டர் யோசிக்காமல் எதிர்முனையைப் பிடித்தார். பதினோரு வருஷமாக அவளோடு படுக்கை விரிப்பு மடித்த கை. முனையை நீட்டினால் தானாகப் பிடித்துக்கொள்ளும். துணி விரிந்து இறங்கியது. அவள் குனிந்து முடிச்சுப் போட்டாள். ஒன்று. அதன் மேல் இன்னொன்று.

எல்லாரும் திரும்பி வந்ததும் அவள் கை கூப்பினாள்.

"சாமி, என் தங்கச்சிக்கும் ஒரு வண்டி பாக்கறோம். கோடியில ஒண்ணு மூடியிருக்கே, அதையும் பாத்துச் சொல்லுங்க."

பளபளா அறைக்குள் காகிதம் நிரப்பிக்கொண்டிருந்தார். அது அவருடைய துரதிர்ஷ்டம். அடிகளார் கண்ணை மூடினார். கூட்டம் பின்னால் போனது. துணிக்குள் இருந்தது கொஞ்சம் கூன் விழுந்த வண்டி மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் அடிகளாருக்குக் கண் எதற்கு? குனிந்தார். தொட்டார். முகம் மலர்ந்தது.

பிளக் வலப்பக்கம் சுற்றியது.

"ஆகா! என்ன அமைதி! இன்ஜின் குழந்தை மாதிரி தூங்குது. ஓட்டினவர் ஒரு பெரிய அதிகாரி. வேகமாப் போனாலும் அதிராது."

"மைலேஜ் எப்படி சாமி?"

"நீங்க நினைக்கறதைவிட அதிகம். உள்ள உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வராது."

"அது மட்டும் உண்மை" என்றாள் அவள். "என்னங்க, முனையைப் பிடிங்க."

டாக்டர் பிடித்தார். துணி பறந்தது.

மூன்று கால் சோபா. இரண்டு குப்பைத் தொட்டி. ஒரு தொட்டிக்குள்ளிருந்து பூனை ஒன்று எழுந்து பெரிய அதிகாரி மாதிரி எல்லாரையும் பார்த்துவிட்டுக் கீழே குதித்துப் போனது.

முதலில் சிரித்தது மேலாளரின் மனைவிதான். அப்புறம் மைதானமே சிரித்தது. அடிகளார் கண்ணைத் திறந்தார். உடனே மறுபடி மூடிக்கொண்டார்.

"சோபாவுக்கும்... ஆன்மா உண்டு..."

"சோபாவுக்கு மைலேஜ் எவ்வளவுன்னு சொல்லுங்க சாமி!" என்று யாரோ கத்தினார்கள்.

சலவைக்கடைக்காரி முடிச்சைத் தூக்கிக் காட்டினாள். "ரெட்டை முடிச்சுன்னா புகழணும். ஒத்தை முடிச்சுன்னா அழ வைக்கணும். அழுத வண்டியைப் பாதி விலைக்கு வாங்கி, ரெட்டை முடிச்சுப் போட்டு முழு விலைக்கு வித்துடலாம். பிளக் எல்லாம் வேடிக்கைக்கு. விரலை லேசா அசைச்சா கயித்துல எதைக் கட்டினாலும் சுத்தும்."

வங்கி மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. பளபளாவின் அறையை நோக்கி அவர் ஓடிய ஓட்டத்தை, எந்த ஸ்போர்ட் செடானும் அந்த நேரத்தில் தொட்டிருக்க முடியாது.

இவ்வளவும் நடந்த பிறகு நம் டாக்டர் மெதுவாக வாய் திறந்தார்.

"அவர் பொய்யாவே இருக்கட்டும். வண்டி நல்ல வண்டிதானே? அந்தக் கதவுச் சத்தம்..."

அவள் சாம்பல் நிற செடானின் பின் கதவைத் திறந்தாள். மகள் உட்காரப்போகும் இடம். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் இழுக்கும் அளவுக்கு வந்தது, கறுப்பு, சுத்தம். இன்னும் இழுத்தாள். கடைசி முழம் வெளியே வந்தது. அதில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே காய்ந்த வண்டல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்து டாக்டரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வெள்ளத் தண்ணி. இந்த வண்டி சீட்டு உயரத்துக்கு முழுகி எழுந்திருக்கு."

"யாரோ டீ கொட்டியிருப்பாங்க மேடம்!" மேலாளர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருந்த நிலையிலும் பளபளா தொழிலை விடவில்லை.

"டீக்கறை இப்படிக் கோடு போடாது. மண்ணையும் விடாது. பதினஞ்சு வருஷமா கறை பாக்கறேன், என்கிட்டேயா?" அவள் கணவனிடம் திரும்பினாள். "தோலைத் துடைச்சுட்டாங்க. உள்ள ஒயர் எல்லாம் தண்ணி குடிச்சிருக்கு. நெடுஞ்சாலையில பிள்ளை பின்னால உக்காந்திருக்கும்போது பிரேக் விளக்கு எரியாது, ஏர்பேக் விரியாது. இதைத்தான் மழைத்தண்ணிகூடப் படாததுன்னு சொன்னார் உங்க சாமி."

டாக்டர் பெல்ட்டைப் பார்த்தார். கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். முகத்தில், மயக்க ஊசி போடாமல் பல் பிடுங்கப்பட்டவரின் களை.

மைதானம் முழுக்க ஒரே சத்தம் கேட்க ஆரம்பித்தது. சர்ர்... சர்ர்... ஒவ்வொருவரும் ஒவ்வொரு வண்டியின் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வண்டிகளில் கோடு இருந்தது. மேலாளருக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. பளபளாவுக்குச் சட்டையில் மூன்று பொத்தான் திரும்பக் கிடைக்கவில்லை. அடிகளாரைத் தேடினார்கள். அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தார், பஸ்ஸில். சொந்தமாக வண்டி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு வண்டிகள் மேல் நம்பிக்கை இல்லைபோலும்.

அடுத்த வாரம் டாக்டர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனார். வண்டியைக் கீழிருந்து மேலே தூக்கிப் பார்த்து, பெல்ட்டுகளைக் கடைசி முழம்வரை இழுத்துப் பார்த்து, வேறோர் இடத்தில் பழைய செடான் ஒன்றையே வாங்கினார். கதவு கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்துகிறது.

ஆனால் அன்றைக்கு மைதானத்தை விட்டு வெளியே வரும்போது, வாசலில் ஒரு பேராசிரியர் அவர் காதைக் கடித்தார்.

"இந்த ஆள் போலி சார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கார், அவர்தான் அசல். பிளக் எல்லாம் இல்ல. பிஸ்டன் வெச்சுப் பாக்கறார்."

டாக்டர் அரை நொடி தயங்கினார். அந்த அரை நொடியை மனைவி பார்த்துவிட்டாள் என்பது வீட்டில் இன்றுவரை பேசப்படுகிறது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். இழுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதற்கு அரை நிமிஷம் யோசிக்க வேண்டும். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஐயா, பாலத்துக்கு அந்தப் பக்கம் இப்போது காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கிறது.