ஊசல் ஐயாவும் கொடுவா யோகமும்

அந்தத் துறைமுக ஊரில் மீனுக்கு இருந்த மவுசைவிட மீன் பிடிக்கிற கம்புக்கு வந்த மவுசு அதிகம். சனிக்கிழமை விடிந்தால் போதும், தூண்டில் கடை வாசலில் கூட்டம் முட்டி மோதும். வக்கீல் வருவார், வங்கி மேலாளர் வருவார். பாலம் எத்தனை லாரி தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற பொறியாளரும் வருவார். தங்களுக்கு எந்தத் தூண்டில் தோதுப்படும் என்பதை மட்டும் ஓர் ஈயக்குண்டிடம் கேட்டுப் போக!

ஈயக்குண்டுக்குச் சொந்தக்காரர் ஊசல் ஐயா. கறுப்புக் கண்ணாடி, கடல்நீர் ஒருநாளும் பட்டிராத மழைக்கோட்டு, ஏதோ பெரிய துக்கத்தை அடக்கிக்கொண்டிருப்பது போன்ற குரல். மேஜைமேல் தூண்டில் கம்புகளை வரிசையாகப் பரப்புவார்கள். ஐயா ஒரு நூலில் கட்டிய குண்டை ஒவ்வொன்றின் மேலும் பிடிப்பார். குண்டு சும்மா தொங்கினால் அது செத்த கம்பு. சுழன்றால் உயிருள்ள கம்பு. "கொடுவா மீன் யோகம் உமக்கு இதுலதான்" என்பார். கூட்டம் பெருமூச்சு விடும். கடைக்காரர் பில் போடுவார். ரீல் விற்கிற கடையில் ரீல் விடுவதற்கும் ஓர் ஆளை வைத்தது அவருடைய வியாபார மூளை.

இந்தக் கூட்டத்தில் முன்வரிசைக்காரர் மருந்துக்கடைக்காரர். டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மாத்திரைகூடத் தரமாட்டார்; காலாவதித் தேதியை மூன்று முறை பார்ப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரை இங்கே இழுத்து வந்தவர் அவருடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர், கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனைப் பிடித்து, அதோடு படம் எடுத்து, அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தார். போகும்போதெல்லாம் மீன் இவரையே முறைத்தது. இவரோ இறகும் நூலும் சுற்றிய போலிப் பூச்சியை முள்ளில் கட்டி, வாரா வாரம் கடலில் வீசினார். ஒன்றும் சிக்கவில்லை. காற்றடித்தால் முள் திரும்பி வந்து இவர் தொப்பியைத்தான் பிடித்தது.

ஐயா அவருக்கு ஒரு மெல்லிய கம்பைத் தேர்ந்துகொடுத்தார். கூடவே கயிறு சுற்றும் ஒரு ரீலும், ஒரு கட்டளையும்.

"இதைக் குழாத்தண்ணியில கழுவக் கூடாது. கடல்நாடி போயிடும்."

"சரிங்கய்யா."

"வீட்டுல யாரு இதையெல்லாம் தொடுறது?"

"என் வீட்டுக்காரம்மாதாங்கய்யா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் மீன் பிடிக்கப் போவோம்."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வருத்தத்தோடு சொன்னார்: "அதான் தடங்கல். அந்தக் கை படாம பாத்துக்குங்க."

மனைவி அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கணவரோடு பாறைமேல் நின்று கயிறு வீசுவது, வாரம் முழுக்க அவர் காத்திருந்த ஒரே சுகம். திரும்பி வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைப்பது அவர்தான்.

அந்த ஞாயிறு கணவர் தனியாகச் செருப்பு மாட்டினார்.

"என்னங்க, நான் வரலையா?"

"இல்லம்மா... ஐயா சொல்லிட்டாரு. உன் கை ராசி கொஞ்சம்..."

"என் கை ராசியா? இந்தக் கையிலதான இத்தனை வருஷமா சாப்பிடுறீங்க?"

கணவர் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். கதவு சாத்தப்பட்டது. மனைவி சமையலறையில் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஆனால் காபியையும் குடிக்கவில்லை.

சில வாரங்கள் ஓடின. ஒரு காலையில் மருந்துக்கடைக்காரரின் தூண்டிலில் நிஜமாகவே ஒரு கொடுவா விழுந்தது. சம்பந்தி வீட்டுப் படத்தைத் தூக்கிச் சாப்பிடும் அளவு. மீன் இழுத்தது, மெல்லிய கம்பு வில்லாக வளைந்தது, கயிறு விட வேண்டிய நேரத்தில் ரீல் சுற்ற மறுத்தது. உப்பு ஏறி, துரு பிடித்து, கல்லாக இறுகியிருந்தது. கயிறு பட்டென்று அறுந்தது. மீன் போனது. மனுஷர் பாறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஐயாவிடம் ஓடினார். ஐயா குண்டைத் தொங்கவிட்டு, "அந்தக் கை தொட்டிருக்கு" என்றார்.

"சத்தியமா தொடலைங்கய்யா."

"பார்த்திருக்கு. பார்வையே போதும். புதுக் கம்பு, புது ரீல். சனிக்கிழமை வாங்க."

தொடாமலே துருப்பிடிக்க வைக்கிற பெண்மணியை நம் ராணுவம் இன்னும் கண்டுகொள்ளாதது ஆச்சரியம்தான்.

வீட்டில் மனைவி ரீலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கம்பை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"இது ஆத்துல சின்ன மீன் பிடிக்கிற கம்புங்க. பக்கத்துல எண் போட்டிருக்கு பாருங்க, நாலு. கடல் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும்னா எட்டோ ஒம்போதோ வேணும். அதுக்கேத்த கனமான கயிறு வேணும். இந்த ரீலும் உப்புத்தண்ணிக்கு ஆகாதது. ஆறே இல்லாத ஊர்ல இதை யார் வாங்குவா? விக்காம தேங்கின சரக்கைத்தான் உங்க தலையில கட்டியிருக்காங்க. பிடியில மஞ்சப் பொட்டு ஒட்டியிருக்கே, அது என்ன?"

"எல்லாக் கம்பிலயும் இருக்குமே."

"எல்லாத்துலயுமா, அவர் எடுத்துக் கொடுக்குறதுல மட்டுமா?"

கணவர் யோசித்தார். வக்கீலுடையதில் பார்த்திருந்தார். மேலாளருடையதிலும். ஆனாலும் வாய் மட்டும், "குண்டு சுத்துறதை நான் என் கண்ணால பார்த்தேம்மா" என்றது.

"என் கடைக்கு வர்றவங்கள்ல சில பேர் எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு படிப்பாங்க. நான் பலகையை மாத்திடுவேன். அவ்வளவுதான். சனிக்கிழமை நானும் வரேன்."

சனிக்கிழமை, நீளமான தூண்டில் உறைக்குழாய்கள் நாலைந்தைக் கட்டி எடுத்துக்கொண்டு மனைவி கணவரோடு தூண்டில் கடைக்குள் நுழைந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. தடங்கலே நடந்து வருகிறதே!

"ஐயா, வணக்கம். உங்க குண்டுக்குத் தெரியணும்னா கம்பு கண்ணுக்குத் தெரியணுமா?"

ஐயா சிரித்தார். "அம்மா, கடல்நாடி கடலுக்கு அடியில பாறைக்குள்ள இருந்தாலும் பேசும்."

"இந்தக் குழாய்க்குள்ள இருந்தா?"

கூட்டம் ஐயாவைப் பார்த்தது. சொன்ன சொல்லை மாற்ற முடியவில்லை. "தாராளமா" என்றார். தூண்டில் கடைக்காரர் மட்டும் எச்சில் விழுங்கினார்.

குழாய்கள் மேஜைமேல் கிடந்தன. ஐயா முதல் குழாயின் மேல் குண்டைப் பிடித்தார். அசையவில்லை. "செத்தது." அடுத்ததும் செத்தது. அதற்கடுத்ததன்மேல் குண்டு லேசாக ஆடி, மெல்லச் சுழன்று, வேகம் பிடித்தது. ஐயாவின் நெற்றி வியர்த்தது. குரல் தழுதழுத்தது.

"ஆகா! இதுக்குள்ள ஒரு ராஜகம்பு இருக்கு. இதை வீசினா கொடுவா தானா வந்து கால்ல விழும்!"

பொறியாளர் கைகூப்பிவிட்டார்.

மனைவி கணவரிடம் திரும்பினார். "நீங்களே திறங்க."

மருந்துக்கடைக்காரர் மூடியைத் திருகிச் சாய்த்தார். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது தரை துடைக்கிற மாப்புக் கம்பு. துடைத்து அலுத்த கம்பு, நுனியில் அழுக்கோடு.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பிறகு யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"மத்ததுல... மத்ததுல நல்ல கம்பு இருந்திருக்கும்" என்றார் ஐயா.

மற்றவற்றையும் கவிழ்த்தார்கள். திரைச்சீலைக் கம்பி. குடைக்கம்பு. ஒட்டடைக் கழி. தூண்டில் ஒன்றுகூட இல்லை.

"எல்லாமே செத்ததுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் உங்களைக் கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார் மனைவி. "குழாய்க்குள்ள உங்களுக்கு மஞ்சப் பொட்டு தெரியல. அதான் கஷ்டம்."

வங்கி மேலாளர் தன் கம்பின் பிடியைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் பொட்டு. வக்கீல் பார்த்தார். அவருடையதிலும். வக்கீலுக்கு உடனே நாலைந்து சட்டப்பிரிவுகள் ஞாபகம் வந்தன. அவற்றை உரக்கச் சொன்னார். "மச்சான், நீ பாத்துக்க!" என்று தூண்டில் கடைக்காரரிடம் கத்திவிட்டு ஐயா பின்கதவைத் தேடினார். அப்போதுதான் ஊருக்கு இருவருடைய உறவுமுறையும் தெரிந்தது. வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை கூட்டம் அந்த மச்சானை நகரவிடவில்லை.

இத்தனை அமளியிலும் பொறியாளர் மெதுவாக வந்து மருந்துக்கடைக்காரரின் தோளைத் தொட்டார்.

"சார், அந்த மாப்புக் கம்பு... குடுப்பீங்களா? ஐயா பொய்யின்னாலும், குண்டு சுத்தினது நிஜம்தானே?"

மருந்துக்கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். நேற்றுவரை தானும் இந்த முகத்தோடுதான் திரிந்தது உறைத்தது. கம்பைக் கொடுக்கவில்லை. மனைவியிடம் போனார். நாலு பேர் முன்னாலேயே சொன்னார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. உன் கையைப் போய் சொன்னேன் பாரு..."

"அதை வீட்டுல பேசிக்கலாம்" என்றார் அவர். குரலில் இன்னும் சூடு ஆறவில்லை. "முதல்ல ஒரு நல்ல கம்பா நீங்களே பாருங்க."

"எது நல்லதுன்னு நீ சொல்லேன்."

"நான் ஏன் சொல்லணும்? இன்னொரு குண்டா நான்? கையில எடுங்க, வீசிப் பாருங்க. காத்துல கயிறு நேரா போகுதா, ரீல் உப்பு தாங்குமான்னு கேளுங்க. உங்களுக்குக் கை இருக்கு, கண் இருக்கு."

மறுநாள் விடியலில் இருவரும் பாறைமேல் நின்றார்கள். ஒரு கொடுவா சிக்கியது. சம்பந்தி மீனில் பாதிதான் தேறும். அதைப் பிடித்தவர் மனைவி.

ஊசல் ஐயா இப்போது வேறோர் ஊரில் கார் வாங்குகிறவர்களுக்கு ராசியான டயர் பார்த்துச் சொல்கிறாராம். அங்கேயும் நல்ல கூட்டமாம். அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு யாராவது தெரிந்தவர் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: கழுத்துக்கு மேலே இருப்பது தொப்பி மாட்டும் ஆணி இல்லை; எப்போதாவது அதைக் கொண்டு யோசிக்கவும் செய்யலாம்.