எட்டாம் நம்பர்

எட்டு எட்டாகவே இல்லை. இரண்டு வட்டங்களும் அடைத்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த இட்லிகளைப் போலிருந்தது.

கார் நிறுத்துமிடத்தில் மண்டியிட்டபடி கிருபாசங்கர் அதை முறைத்தார். எந்த வீட்டிலும் ஒரு குறை கண்டுபிடிக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர். பத்து கார்களுக்கும் ஸ்டென்சில் தகடு வைத்துத் தன் கையாலேயே நம்பர் போடுவதாக அறிவித்திருந்தார்.

"தகட்டுக்கு அடியில பெயின்ட் ஓடிப்போச்சுங்க சார்," என்றார் வாட்ச்மேன் காளிச்சாமி.

"பெயின்ட் ரொம்பக் கெட்டிங்க. அதான்," என்றார் கிருபாசங்கர்.

இளக்குவதற்குத் தின்னர் ஊற்றினார். பெயின்ட் இன்னும் தாராளமாகப் பாய்ந்து, பக்கத்து ஒன்பதாம் இடத்தை நலம் விசாரித்துவிட்டு வந்தது.

சுற்றிலும் டேப் ஒட்டினார். காய்ந்தபின் உரித்தபோது எட்டின் இடுப்பும் கூடவே வந்தது.

உக்கடத்துப் பெயின்ட் கடை நிஜாமுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க சார், பிரஷ்ஷால இழுக்காதீங்க. ஸ்பாஞ்சுல தொட்டு, துணியில ஒத்திப்போட்டு, மேலாப்ல தட்டுங்க. ஈரத்துலயே தகட்டை நேரா தூக்கிருங்க. இல்லீன்னா நானே வந்து போட்டுத் தாரனுங்க."

"வேண்டாமுங்க. பேங்க்குல முப்பது வருசம் மேனேஜரா இருந்தவனுக்கு ஒரு எட்டு வராதா?"

வந்தது. பிளேடால் அறுத்தது போன்ற ஓரம். கிருபாசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் மாடி மெர்சி ஸ்கூட்டியை நிறுத்தித் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அருமைங்க சார். ஆனா லேசா சாஞ்சாப்ல தெரியுதுங்களே?"

சுரண்டிவிட்டு மறுபடி போட்டார். எதிர்வீட்டு பிரவின்குமாருக்கு ஓரம் மங்கலாகத் தெரிந்தது. மறுபடி சுரண்டினார். இரண்டாம் மாடி கயல்விழிக்கு வெள்ளை போதவில்லை. சுரண்டிச் சுரண்டித் தரையில் பள்ளம் விழுந்தது; முதுகு நிமிர மறுத்தது. மூன்று வாரம் ஓடிப்போனது. ஆனாலும் உள்ளுக்குள் அவருக்கு ஒரு பெருமை. ஒரு எட்டைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிற ஜனம் கோயமுத்தூரில் வேறெந்த அபார்ட்மென்ட்டில் இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை நூல் கட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார். தகட்டைத் தூக்கினார். அச்சில் வார்த்த எட்டு.

"காளிச்சாமி, மனசறிஞ்சு சொல்லுங்க. இன்னும் குறை இருக்குதா?"

காளிச்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஸ்பாஞ்சுல போட்ட மொதத் தடவையே நல்லாத்தானுங்க இருந்துது சார். நீங்க இங்க குனிஞ்ச நாள்லருந்துதான் யாரூட்டு பெல்லையும் அடிச்சுக் குத்தம் சொல்றதில்லீங்க. அது அப்படியே இருக்கட்டும்னு, 'எட்டு சரியாயிருச்சுன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது'ன்னு உங்களுக்குத் தெரியாம மீட்டிங் போட்டுத் தீர்மானமே நிறைவேத்திப்போட்டாங்க!"