ஏழாம் நம்பர் டப்பா

கற்பிட்டி
12.03.2016

அன்புத் தங்கச்சி மர்ளியாவுக்கு, நஸீம் நானா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மச்சி கமறியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாய். இது பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடிய சங்கதி இல்லை.

ஆறு வருசமாகியும் மருமகள் மபாஸாவுக்குப் பிள்ளை இல்லை, அஃப்ராஸுக்கு இன்னொரு கலியாணம் பேச வேண்டும், கற்பிட்டியில் பெண் பாருங்கள் என்று போன மாதம் சொன்னாய். நான் பார்க்கவில்லை. ஏன் என்று சொல்வதானால் சுறாவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பக்க அறையில் மதுசா என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாடகைக்கு இருக்கிறது. கம்பஸில் ஆராய்ச்சி. ஆலங்குடாக் கரையில் மீன் வெட்டுகிறவர்களிடம் போய் நின்று, ஆண் சுறாக்களின் விதைகளை மட்டும் கேட்டு வாங்கி, நம்பர் போட்ட டப்பாக்களில் எங்கள் பிரிஜ்ஜில் வைக்கும். ஒரு நாள் கமறியா ஏழாம் நம்பர் டப்பாவைத் திறந்து, மீன் சினை என்று நினைத்து, மிளகு போட்டுப் பொரித்துவிட்டாள். நானும் பாணோடு சாப்பிட்டேன், ருசியில் குறை சொல்ல முடியாது. பின்னேரம் மதுசா வந்து, "அங்கிள், ஏழாம் நம்பரைக் கண்டனீங்களோ?" என்று கேட்ட பிறகுதான் என்ன சாப்பிட்டேன் என்று விளங்கியது. கமறியா இதை ஒரே ஒரு சிநேகிதியிடம் மட்டும்தான் சொன்னாள். அடுத்த ஜும்ஆவுக்குள், நான் சுறாவில் வாலிப மருந்து சாப்பிடுகிறேன் என்று ஊர் முழுக்கக் கதை. மரியாதையான மனிதர்கள் வெங்காய விலை கேட்க வந்தவர்கள்போல் வந்திருந்து, பிரிஜ்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் உன் மகன் அஃப்ராஸும் ஒருவன். புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, அந்த மருந்து எனக்கும் கொஞ்சம் தர ஏலுமா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மர்ளியா.

மதுசா அவனைக் கதிரையில் இருத்தி, "அது மருந்தில்லை அண்ணா" என்று லேப்டொப்பில் படம் காட்டியது. சுறாவின் விதையில் ஒரு ஓரத்தில் மூலக்கலங்கள், இங்கிலீஷில் ஸ்டெம் செல், என்று இருக்கின்றனவாம். அவை தாமும் பெருகி, விந்தாகப் போகும் கலங்களையும் உண்டாக்கும். அங்கிருந்து வரிசை வரிசையாக வளர்ந்து மறு ஓரத்தில் விந்து முற்றி நிற்கிறது. நம்முடைய வெங்காயப் பாத்தியில் ஒரு பக்கம் நாற்றும் மறு பக்கம் பிடுங்கும் பருவமுமாக இருந்தால் எப்படி, அப்படி. நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்விட்டேன்.

"எத்தின வயசு வரைக்கும் இது முளைக்கும், மகள்?"

"அதைத்தான் அங்கிள் தேடுறன்."

"மனிசருக்கும் இப்படியா?" என்று அஃப்ராஸ் கேட்டான்.

"ஓம், எங்களுக்கும் மூலக்கலங்கள் இருக்கு. சிலருக்கு அது குறைவு, சிலருக்கு விந்து வாற வழி அடைபட்டிருக்கும். டொக்டர் சோதிச்சால் தெரியும். நீங்கள் காட்டினனீங்களோ?"

"மபாஸாவத்தான் நாலு டொக்டருக்குக் காட்டின. என்னய ஒருத்தரும் கேக்கல்ல."

அடுத்த கிழமை நானே அவனைக் கூட்டிப் போனேன். மபாஸாவில் ஒரு குறையும் இல்லை. இவனுக்குத்தான் அடைப்பு, ஒப்பரேஷன் செய்தால் சரிவர இடமிருக்கிறது என்றார் டொக்டர். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தான். பிறகு, "ஆறு வருசமா அவ ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல்ல மாமா" என்றான்.

உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் நீ வேறெங்காவது பெண் கேட்டுவிடுவாயோ என்ற பயத்தில் வாக்கை மீறி எழுதுகிறேன். மபாஸாவிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசு. அல்லாஹ் உங்கள் வீட்டில் பறக்கத்தைத் தரட்டும். கமறியாவின் ஸலாமும் இதில் சேர்த்தி.

வஸ்ஸலாம்,
நானா நஸீம்

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் அஃப்ராஸ் வந்துவிட்டான். ஒளிக்க முடியவில்லை. முழுவதையும் வாசித்துவிட்டு, "நேத்தே உம்மாக்கிட்டச் சொல்லிட்டன் மாமா. உம்மா மபாஸாட கையப் பிடிச்சிட்டே இருந்தாங்க" என்றான். ஆக, மேலே உள்ளது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் அனுப்புகிறேன். சுறாவைப் பற்றி அவன் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான்.