மொக்கம்மாளின் பதுங்கு குழி

யுத்தம் நடந்த இடத்தைப் பாதுகாத்து வைப்பது நாகரிக தேசங்களின் கடமை. யுத்தம் நடக்காத இடத்தைப் பாதுகாத்து வைப்பது அதனினும் பெரிய கடமை. அங்கே பாதுகாக்க ஒன்றுமே இராது என்பதால் உழைப்பு அதிகம்.

இந்த உழைப்புக்கு அஞ்சாதவர் யுத்த ஞாபகார்த்த விசேஷ அதிகாரி சுந்தர்ராஜ். யுத்தம் முடிந்த மறு வருஷம் ஜெயமங்கலத்தில் வந்து இறங்கினார்.

நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடுவான், ஊருக்கொரு பதுங்கு குழி வெட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அப்போது நடவு நேரம். இருக்கிற குழியை விட்டுவிட்டு இன்னொன்று வெட்டுவது சர்க்காருக்கு வீண் சிரமம் என்று கருதிய கிராம முன்சீப் கருத்தக்கண்ணன், மொக்கம்மாளின் குப்பைக்குழியைக் காட்டிவிட்டார். அதில் ஒளிந்து பழகியதாக ஊரே சத்தியம் செய்து, சன்மானமாக வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டது.

இப்போது அந்தக் குழிக்கு வேலி போட்டாயிற்று. பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதுதான் மியூசியம். உள்ளே ஒரு வாளி மணலும், அபாயச் சங்குக்குப் பதிலாகக் கோயில் சங்கும் இருந்தன. குழியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

மொக்கம்மாள் கூடையும் மண்வெட்டியுமாக வந்து நின்றாள்.

“ஐயா, ஆத்துல தண்ணி வந்துருச்சு. நடவுக்குள்ள என் குப்பைய அள்ளணும்.”

“அது குப்பை அல்ல அம்மா, சரித்திரம்.”

“என்னமோ ஒண்ணு. அதை வயல்ல போட்டாத்தேன் நெல்லு வெளையும்.”

“மக்கள் உயிர் தப்பிய இடம் இது.”

“யாரு தப்புனது? மாட்டுச்சாணி கொட்டுற குழி இது. ஒரு ஆளும் இதுல எறங்கல.”

அதிகாரியின் முகம் மாறியது. “அப்படியானால் மண்ணெண்ணெயைத் திரும்ப வசூலிக்க வேண்டியிருக்கும்.”

கூடி நின்ற ஊருக்கு உடனே ஞாபகசக்தி வந்தது.

“நான் ஒளிஞ்சேன் எசமான். அந்தா, அந்த மூலையில,” என்றான் ஒச்சாண்டி.

“நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால,” என்றாள் இருளம்மாள். “மேல கருப்பா ஒண்ணு பறந்துச்சு.”

“அது பருந்துடி,” என்றாள் மொக்கம்மாள்.

“ஜப்பான் பருந்து,” என்றார் முன்சீப். “ஏத்தா, நீதேன் அன்னைக்கு ஊர்லயே இல்லையே!”

அதிகாரி உருகிப்போனார். கண்ணைத் துடைத்த கைக்குட்டையை அப்படியே மூக்குக்கு இறக்கிக்கொண்டார். “திறப்பு விழாவுக்குக் கலெக்டர் துரை வருகிறார். நீங்கள் எல்லோரும் ஒளிந்த இடத்திலேயே ஒளிந்து காட்ட வேண்டும்.”

ஊர் குழியை எட்டிப் பார்த்தது. விளிம்புவரை சாணி.

“எடம் இல்லையே எசமான்,” என்றான் ஒச்சாண்டி, சற்று நம்பிக்கையோடு.

“அன்று இருந்ததல்லவா? அன்றிருந்தபடி ஆக்குங்கள். ஆனால் சரித்திரம் சிதறக் கூடாது. இதை எங்கே பத்திரப்படுத்துவது?”

“என் வயலு இங்கனதேன் இருக்கு,” என்றாள் மொக்கம்மாள். “பரப்பி வச்சா ஒருத்தனும் திருட மாட்டான்.”

ஊரே கூடை கூடையாகச் சுமந்தது. முன்சீப்பும் சுமந்தார். விழாவன்று சங்கு ஊதியதும் எல்லோரும் குழிக்குள் குந்தினார்கள். கலெக்டர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். பிறகு பெரியகுளத்து வக்கீல்கள் குடும்பத்தோடு வண்டி கட்டி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, யுத்தம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். குழியைப் பார்க்காதவன் படித்தவனே அல்ல என்றாயிற்று. வடுகபட்டியிலும் தேவதானப்பட்டியிலும் அவசர அவசரமாகப் பழைய பதுங்கு குழிகள் வெட்டப்பட்டன.

நாளடைவில் யுத்த வாசனை குறைகிறது என்று பார்வையாளர்கள் குறைப்பட்டார்கள். தினமும் சாணி கொட்டும்படி மொக்கம்மாளுக்கே உத்தரவாயிற்று.

மறு வருஷம் நடவு நேரத்தில் அதிகாரி மேற்பார்வைக்கு வந்தார். போன போகத்தில் அறுத்த நெல்லால் குதிரை நிரப்பியிருந்த மொக்கம்மாள், வேலியருகே கும்பிட்டு நின்றாள்.

“குழி நெறஞ்சிருச்சுங்கய்யா. அடுத்த யுத்தம் எப்ப?”

“மேலிடத்தில் முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள் அம்மா,” என்றார் அதிகாரி.

ஊரார் வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கழுவி வைத்தார்கள்.