எங்கள் சங்கத்து முதலாளி

திருப்பூரிலேயே இளகாத முதலாளி யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ஒருவரைக் கை காட்டுவேன். அவருக்குச் சொந்தமாக ஒரு தையல் மெஷின்கூடக் கிடையாது. ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர் வேலை. மே தின ஊர்வலத்தில் முதல் வரிசையில் கொடி பிடித்துப் போகிறவர். ஆனாலும் சோமனூரிலிருந்து உடுமலைப்பேட்டை வரை சங்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அவர் ‘முதலாளி’தான். அவர் சம்சாரமே சங்க ஆபீஸ் வாசலில் நின்று, “எங்கூட்டு முதலாளி இங்க வந்தாருங்களா?” என்றுதான் கேட்கும்.

பனியன் எல்லாம் கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் சங்க ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்கு ஓரிரண்டு பேரைப் பிரதிநிதிகளாகப் பொறுக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு நடத்துவோம். கோயமுத்தூரிலிருந்து ஒரு தோழர் வந்து பாடம் எடுப்பார். தொழிலாளர் சட்டம், சங்கத்து வரலாறு என்று காலையில் ஓடும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எல்லோரும் தூங்கி வழிவார்கள். தூக்கத்தைக் கலைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேச்சுவார்த்தை ஒத்திகை.

“நாலு பேரு தொழிலாளர் தரப்பு. ஒருத்தர் முதலாளி. யார் முதலாளியா உட்கார்றீங்க?” என்றார்.

எல்லோரும் பெஞ்சில் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். “அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்குங்க?” என்று ஒருவர் கும்பிட்டேவிட்டார். அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து அயர்ன் மாஸ்டர் எழுந்து வந்தார். துண்டை உதறி நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தொழிலாளர் தரப்புக்குத் தலைமை டைலர் ஆறுமுகம். கோபக்காரர். மேசையைக் குத்துவதற்குக் கையை மடக்கிக்கொண்டுதான் வந்தார்.

“வாங்க, வாங்க, உக்காருங்க” என்று முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். “ஏனுங்க ஆறுமுகம், அம்மாவுக்கு முட்டி வலி தேவலையாயிருச்சுங்களா?”

மடக்கிய கை தானாக விரிந்தது. “இன்னும் இல்லீங்க. மாடிப்படி ஏற முடியறதில்லீங்க.”

“அடடா. பல்லடத்துல ஒரு வைத்தியர் இருக்காருங்க, கூட்டிட்டுப் போங்க.”

அப்படியே பேச்சிலேயே ஒவ்வொருத்தருடைய வீட்டுக்கும் போய் வந்தார். ஒருத்தருடைய எருமை கன்று போட்டதா, இன்னொருத்தருடைய மச்சானுக்குப் பெண் அமைந்ததா. அதற்கப்புறம் பெருமூச்சு விட்டு நூல் விலை ஏறிய கதையை எடுத்தார். சொல்லச் சொல்ல அவர் கண்ணே கலங்கிவிட்டது. கடைசியில், “நமக்குள்ள என்னங்க, பார்த்துக்கலாமுங்க” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். நாலு பேரும், “ரொம்ப சந்தோஷமுங்க” என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தார்கள். வந்த பிறகுதான் கோரிக்கையைச் சொல்லவே இல்லை என்பது ஆறுமுகத்துக்கு ஞாபகம் வந்தது.

கோயமுத்தூர்த் தோழர் சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சொல்லிக்கொடுத்திருந்ததெல்லாம் மிரட்டுகிற முதலாளியை எப்படிச் சமாளிப்பது என்றுதான். எருமைக்கன்றை விசாரிக்கிற முதலாளியைப் பற்றி அவருடைய பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

“எங்கீங்க கத்துக்கிட்டீங்க?” என்று நான் கேட்டேன்.

“எங்க கம்பெனில நான் தேய்க்கிற மேசைக்கும் மொதலாளி ரூமுக்கும் நடுவுல ஒரே ஒரு பலகைங்க. தினமும் கேக்கறதுதானுங்க.”

அன்றிலிருந்து வகுப்பு எங்கே நடந்தாலும் அவர் இல்லாமல் நடக்காது. சோமனூர் விசைத்தறித் தொழிலாளர்கள் கூடுதலாக ஒரு டீ நேரம் கேட்டு உட்கார்ந்தார்கள். எழுந்தபோது இருந்ததையும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். உடுமலைப்பேட்டையில் ஒரு இளைஞர் ஒத்திகை என்பதையே மறந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். “சட்டை கசங்குதுங்க, இப்பத்தான் தேச்சேன்” என்றாரே தவிர, அவர் இளகவில்லை. ஜில்லா மாநாட்டில் எங்கள் பெரிய தலைவரே எதிரே உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் பேச்சு நூல் விலையில் போய் நின்றது. “பாவம், அவருக்கும் கஷ்டம்தானே” என்று தலைவர் மைக்கில் சொன்னதை அத்தனை பேரும் கேட்டோம்.

ஜெயிக்க ஜெயிக்க அவர் மேல் சந்தேகமும் வளர்ந்தது. இத்தனை தத்ரூபமாகப் பேசுகிற ஆள் நிஜமாகவே அந்தப் பக்கம்தானோ என்று ஆறுமுகமே முணுமுணுக்கத் தொடங்கினார். கமிட்டித் தேர்தலில் மாஸ்டருக்கு ஓட்டு விழவில்லை. ஆனாலும் அடுத்த வகுப்புக்கும் தேய்த்த சட்டையோடு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் கம்பெனியிலேயே பழனியம்மாளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பனியன் மடிக்கிற வேலை அதற்கு. புருஷன் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று, முன்கூட்டிச் சொல்லாமல் லீவு எடுத்தது குற்றமாம். தினமும் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்து நிற்கும். சங்கு ஊதியதும் திரும்பிப் போகும்.

அதே கம்பெனி டைலரான ஆறுமுகம் தலைமையில் குழு போனது. காபியும் மிக்சரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டாம் தடவை போனது. புதுமனை புகுவிழாப் பத்திரிகையோடு திரும்பி வந்தது.

“மாஸ்டரைக் கூட்டிட்டுப் போங்களேன்” என்றேன்.

“அவரைக் கூட்டிட்டுப் போனா, அந்தப் பக்கமாப் போய் உக்காந்துக்குவாருங்க!” என்று ஆறுமுகம் கத்தினார். வேறு வழியில்லாததால் கடைசியில் ஒப்புக்கொண்டார். நானும் குறிப்பெடுக்கப் போனேன்.

ஆறுமுகம் சொன்னதுதான் நடந்தது. அறைக்குள் நுழைந்ததும் மாஸ்டர் பழக்க தோஷத்தில் மேசையைச் சுற்றிக்கொண்டு முதலாளி பக்கம் போகப் பார்த்தார். ஆறுமுகம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து எங்கள் பக்கம் உட்கார வைத்தார்.

அதற்கப்புறம் மாஸ்டருக்கு வாயே திறக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்தது. துண்டால் துடைக்கத் துடைக்க வேர்த்தது. எத்தனையோ மேடையில் முதலாளியாக உட்கார்ந்த மனுஷர், தொழிலாளியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நிஜ முதலாளி நிதானமாக ஆரம்பித்தார். “நூல் விலை ஏறிக் கெடக்குதுங்க. இதுல கல்கத்தாப் பார்ட்டி…”

“சரக்கைத் திருப்பி அனுப்பிச்சுட்டானுங்க” என்றது ஒரு குரல். மாஸ்டர்தான். அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது.

“ஆமாங்க. திருப்பி வர்ற வழியில…”

“மழையில நனைஞ்சு போச்சுங்க.”

“ஆமா, நனைஞ்சு…” முதலாளி நிறுத்திவிட்டார். “ஏனுங்க மாஸ்டர், எல்லாத்தையும் நீங்களே சொல்லிப்போட்டா நான் என்னத்தைச் சொல்றதுங்க?”

மாஸ்டர் துண்டை மடித்துத் தோளில் போட்டார். “பழனியம்மாளை நாளைக்கு வரச் சொல்லுங்கன்னு சொல்லுங்க மொதலாளி. இத்தன வருஷத்துல அதொண்ணுதானுங்க நீங்க சொல்லி பலகை தாண்டி என் காதுல விழுகல.”

முதலாளி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல், “சரி, வரச் சொல்லுங்க” என்றார்.

வெளியே வந்ததும் மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறுமுகம்தான் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்து, தன் கையாலேயே அவருக்குப் புகட்டினார். மறுநாள் சங்கு ஊதியபோது பழனியம்மாள் கேட்டுக்கு உள்ளே இருந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தோம். பல்லடத்தில் அடுத்த வகுப்பு. மாஸ்டர் முதலாளியாக உட்கார்ந்தார். எதிரே புதுப் பிரதிநிதிகள் நடுங்கிக்கொண்டு போனஸ் கேட்டார்கள்.

“கொடுத்தரலாமுங்க” என்றார் முதலாளி.

மின்விசிறி கேட்டார்கள். “வெய்யக்காலத்துக்கு முன்னாடியே மாட்டிரலாமுங்க.”

கோயமுத்தூர்த் தோழர் பதறிப்போனார். “மாஸ்டர், நீங்க மறுக்கணும்! நீங்க மறுத்தாத்தானே இவங்க படிக்க முடியும்?”

“தெரியுதுங்க தோழர். ஆனா அன்னைக்கு எதிர்ப்பக்கம் உக்காந்ததுக்கப்புறம் மறுக்கறதுக்கு மனசு வரமாட்டீங்குதுங்க” என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னும் இரண்டு ஊர்களில் முயன்று பார்த்தோம். கேட்காததையும் சேர்த்துக் கொடுத்தார். கடைசியில் அந்த நாற்காலிக்கு வேறு ஆளைப் பிடித்தோம்.

ஆனாலும் அவர் வகுப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. பின்னால் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பார். ஒத்திகைக்குப் போகப் பயந்து நிற்கிற பிரதிநிதியைத் தேடிப் போய் முதல் டம்ளரை நீட்டுவார். அவர் டீயில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். குறைக்கச் சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் மனசு வந்ததில்லை.