பட்டனுக்கு ஓட்டு

சிவப்பு பட்டனைக் காணோம்.

இசக்கிமுத்து பீரோவுக்குப் பின்னால் பார்த்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார், கடைசியில் மனைவி விஜயகுமாரியையே சந்தேகமாகப் பார்த்தார். காலை ஆறே கால். இரவு ஷிப்டு முடித்த நாலு பேர் இன்னும் பத்து நிமிஷத்தில் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள்.

"ஒரு சோடா மூடிக்கு எதுக்குங்க இந்த ஆர்ப்பாட்டம்?" என்றாள் விஜயகுமாரி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது சோடா மூடி இல்ல விஜயா. எமர்ஜென்சி ஸ்டாப்."

ஒரு அசிஸ்டென்ட் இன்ஜினீயர் தன் வீட்டுக் கூடத்தில் சோடா மூடி தேடும் நிலைக்கு எப்படி வந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அவர் வேலை பார்த்த கரி யார்டில் மூன்று பெல்ட்டுகள். முதல் பெல்ட் கரியை இரண்டாவதில் கொட்டும், இரண்டாவது மூன்றாவதில் கொட்டும். மூன்றையும் மாடிக் கேபினில் இருந்த ஒரு மேஜை ஆட்டி வைத்தது. வெளிநாட்டு மேஜை. அதில் முப்பத்தாறு கறுப்பு பட்டன்கள், எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றின் கீழும் யார்டில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத பாஷையில் என்னவோ எழுதியிருந்தது. ஆபரேட்டர்கள் சாக்பீஸாலும் சந்தனத்தாலும் தங்களுக்கென்று அடையாளம் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு யாரோ அக்கறையாக மேஜையைத் துடைத்துவிட்டதில், இரண்டாவது பெல்ட் நின்று, முதல் பெல்ட் மட்டும் ஓடி, ஒரு மலையே உருவாகிவிட்டது.

சூப்பரின்டென்டென்ட் நல்லசாமி கூப்பிட்டனுப்பினார்.

"புது மேஜை நாமளே செஞ்சுடுவோம் இசக்கிமுத்து. ஆனா ஓட்டுறவங்களைக் கேட்டுத்தான் செய்யணும். தொழிலாளர் பங்கேற்புன்னு மேலேருந்து சர்க்குலர் வந்திருக்கு. மூணு ஷிப்டும் ஒரே டிசைன்ல கையெழுத்துப் போடணும். இருபதாம் தேதி ஜி.எம். வந்து பட்டனை அமுக்குறார்."

"ஓடலைன்னா சார்?"

"பழைய மேஜையே இருக்கட்டும். நீங்க ஸ்டோர்ஸுக்குப் போய் போல்ட்டு எண்ணிக்கிட்டு இருங்க."

ஸ்டோர்ஸ் என்றதும் இசக்கிமுத்துவுக்குப் போல்ட்டு மூட்டைகள் கண்முன் வந்தன. ஆனால் அதைவிடப் பெரிதாக ஓர் ஆசையும் கிளம்பியது. எட்டு வருஷ சர்வீஸில் பிறர் வரைந்த படத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவர் அவர். இது அவருடைய சொந்த மேஜை. அது ஓடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது.

முதலில் படம் வரைந்து ஷிப்டு ஷிப்டாகக் காட்டினார். "ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்றார்கள் எல்லோரும். இரண்டாம் ஷிப்டு ஜமால் முகமது படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பாராட்டினார்.

மரியாதையாகப் பேசினால் டிசைன் வராது என்று புரிந்தது. மின்விசிறி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, மேஜை மாதிரி வளைத்து, சோடா மூடிகளுக்கு வர்ணம் பூசிப் பட்டன்களாக வைத்து, வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார். எல்லோரையும் டீக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்ததும் வாய்கள் திறந்தன. பிறகு மூடவே இல்லை.

"சிவப்பு இடது பக்கம் இருக்கணும் சார்" என்றார் முதல் ஷிப்டு கருப்பசாமி. அவருக்கு இடது கை.

"வலது பக்கம்" என்றார் ஜமால் முகமது. "நாட்டுல பாதிப் பேருக்கு மேல வலது கை சார்."

"சரி, ரெண்டு பக்கமும் ஒண்ணு வச்சுடலாம்" என்று இசக்கிமுத்து சமாதானம் செய்தார். மறுநாள் காலை இரவு ஷிப்டு சிங்காரவேலு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார்.

"அவங்களுக்கு ஒண்ணு, இவங்களுக்கு ஒண்ணு. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிகினு கெடக்குற எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களா சார்?"

மூன்றாவது சிவப்பும் வந்தது. பெல்ட்டைக் கிளப்பும் பச்சை பட்டன்களில் தகராறு கிளம்பியதும் இசக்கிமுத்து ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றார். ரவை டப்பாதான் ஓட்டுப் பெட்டி. ஆட்கள் பன்னிரண்டு பேர். எண்ணிப் பார்த்தால் ஓட்டு பத்தொன்பது.

"நான்கூட ஒண்ணு போட்டேங்க" என்றாள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ருக்குமணி. உறை மோர் வாங்க வந்தவள். "எல்லாரும் போட்டாங்க, சும்மா நிக்கிறது நல்லா இல்லியேன்னு."

இந்த நிலையில்தான் இன்று காலை மூன்று சிவப்பில் ஒன்றைக்கூடக் காணவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

சிங்காரவேலு வந்து அட்டை மேஜை முன் உட்கார்ந்தார். நடுவில், தன் நெஞ்சுக்கு நேராக, இசக்கிமுத்து தேடிய அவசரத்தில் கவனிக்காத, ஊறுகாய் பாட்டிலின் பெரிய சிவப்பு மூடி இருப்பதைப் பார்த்தார். இடது கையால் அமுக்கினார். வலது கையால் அமுக்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

"இதாங்க சார் மேஜை. இத்தினி நாளா எங்க வச்சிருந்தீங்க?"

இசக்கிமுத்து திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"பெருக்கும்போது எல்லாம் கொட்டிப்போச்சு" என்றாள் விஜயகுமாரி. "எடுத்து எனக்குத் தோணின மாதிரி வச்சேன். மூணு சிவப்புக்குப் பதிலா ஒரே மூடி. பால் பொங்குறப்போ எந்தக் கையால அடுப்பை அணைக்கிறோம்னு யாராவது யோசிக்கிறோமா?"

மூன்று ஷிப்டும் ஒரே மனதாகக் கையெழுத்துப் போட்டது. இசக்கிமுத்து சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது என் வீட்டுக்காரி டிசைன்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தார்.

மறுநாளே பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டில் கலந்தாலோசித்துவிட்டு வந்தார்கள். பட்டன்கள் ரொம்ப நெருக்கமாம், ஜமாலின் மனைவி முனவரா சொன்னாராம். டீ டம்ளர் வைக்க இடம் வேண்டுமாம், கருப்பசாமியின் மனைவி பார்வதி சொன்னாராம். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்தார். ஒர்க் ஷாப்பில் தகடு வெட்டி மேஜை தயாராகி வந்தபோது அது கேபின் கதவுக்குள் நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். நிலையையும் கழற்றினார்கள்.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் ஒயரிங் எல்லாம் முடிந்து, கருப்பசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது.

"நாலு அங்குலம் தூக்கணும் சார்."

"நாளைக்குக் காலையில ஜி.எம். வர்றார் கருப்பசாமி."

"ஓட்டு எடுத்துப் பாருங்க சார்."

எடுத்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மேஜையைத் தூக்க வேண்டுமென்றால் கேபிளையெல்லாம் பிடுங்கி மறுபடி இணைக்க வேண்டும். இசக்கிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டுத்தான் செய்வேன் என்று சொன்னவர், கேட்டபின் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

"தூக்குங்க" என்றார்.

கருப்பசாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். "நீங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க சார். காலையில மேஜை ஓடும். நாங்க இருக்கோம்."

மறுநாள் பத்து மணிக்கு ஜி.எம். வந்தார். கூடவே நல்லசாமி வந்தார். கேபினில் கருப்பசாமி மட்டும் சட்டை இஸ்திரி போட்டு நின்றுகொண்டிருந்தார். கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் தனகோடி, ஈரத்துணியும் வாளியுமாக யார்டைப் பார்த்த ஜன்னலின் மூன்று கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்கல்லாம் எங்கே?" என்று இசக்கிமுத்து மெல்லக் கேட்டார்.

"வேலையா இருக்காங்க சார்."

இசக்கிமுத்துவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் தன் வீட்டில் டீ குடித்தவர்கள், இந்த ஒரு நிமிஷத்துக்குக் கருப்பசாமியைத் தவிர ஒருத்தர்கூட மேலே ஏறி வரவில்லை. வருத்தத்தை விழுங்கிக்கொண்டு ஜி.எம்.முக்கு முதல் பச்சை பட்டனைக் காட்டினார்.

ஜி.எம். அமுக்கினார். தனகோடி இடது பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழே முதல் பெல்ட் உறுமிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவதை அமுக்கினார். தனகோடி நடுக் கண்ணாடிக்கு நகர்ந்தாள். இரண்டாவது பெல்ட் கிளம்பியது. மூன்றாவதும் கிளம்பியது.

"சட்டுனு இழுக்காம நிதானமா ஸ்டார்ட் ஆகுதே" என்றார் ஜி.எம். "அந்தப் பழைய மேஜையில இது கிடையாது."

"அதுக்காகவே அப்படிப் பண்ணியிருக்கோம் சார்" என்றார் நல்லசாமி.

சொல்லாமல் கொள்ளாமல் ஜி.எம். நடுவில் இருந்த பெரிய சிவப்பைக் குத்தினார். தனகோடி மூன்று கண்ணாடியையும் ஒரே வீச்சில் துடைத்தாள். மூன்று பெல்ட்டும் நின்றன.

ஜி.எம். இசக்கிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லா யார்டுக்கும் இதே மாதிரி மேஜை செய்யச் சொன்னார். ஸ்டோர்ஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. வழியனுப்பப் போன நல்லசாமியோடு கருப்பசாமியும் இறங்கிப் போனார்.

கேபினில் இசக்கிமுத்து, அவருடைய மேஜை, வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பும் தனகோடி. அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முழங்கால் இடிக்கவில்லை. இத்தனை சந்தோஷமாக அவர் யார்டில் இருந்ததே இல்லை. ஒரே ஒரு தடவை தன் கையாலும் ஓட்டிப் பார்க்கலாம் என்று பச்சையை அமுக்கினார்.

ஒன்றும் ஓடவில்லை. மறுபடி அமுக்கினார். இரண்டாவதையும் மூன்றாவதையும் அமுக்கினார். பெல்ட்டுகள் அப்படியே கிடந்தன.

வாசல் வரை போன தனகோடி திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப ஓடாதுங்க சார். தூக்குறதுக்குப் புடுங்கின ஒயர மேஜைக்கு இன்னும் குடுக்கவே இல்ல. நான் தொடைக்கிற கண்ணாடியப் பாத்துகினு கீழ பெல்ட்டாண்ட நின்னு சுவிட்ச் போட்டவங்கல்லாம் இப்பதான் டீ குடிக்கப் போனாங்க."